அடுப்படிக்கு உண்மையில் உதவுவது எது?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய இடத்தில் முதலில் அமைப்பது அடுப்பைத்தான். கூரைக்குத் தறப்பாள் கிடைக்குமுன்னரே எமது பெண்கள் மூன்று கல் தேடி வைத்துப் பானையை ஏற்றிவிடுவார்கள். அதன்பின் அந்த அடுப்படியில் ஒவ்வொன்றாகப் பொருட்கள் சேர்கின்றன. சில நிவாரணமாக வருகின்றன. சில தவணைக்கு வருகின்றன. வேறு சில வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசில் வருகின்றன. இவற்றில் எவை வேலையைக் குறைத்தன, எவை பெட்டியோடு மூலையிற் கிடக்கின்றன என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

மண்வெட்டி வாங்கப் போகும் விவசாயி அதன் பிடியைப் பிடித்துப் பார்ப்பார், தகட்டைத் தட்டிப் பார்ப்பார், பாரத்தை நிறுத்துப் பார்ப்பார். அதே விவசாயி குசினிக்கு ஒரு பொருள் வாங்கும்போது விற்பவர் சொல்லை மட்டும் கேட்டு வாங்கிவிடுகிறார். சமையற் கருவியும் மண்வெட்டியைப் போல ஒரு தொழிற்கருவியே. அதைப் பிடிக்கப்போகும் கைக்கு உரியவரிடம் கேட்டபின்பே அதை வாங்கவேண்டும் என்பதே எமது கருத்து.

பட்ட அனுபவம் சொல்வது

எமது மக்கள் அடுப்படியை இழந்தது ஒருமுறையல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிதளவு பொருட்களுடனேயே புத்தளம் நோக்கிச் சென்றனர். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தனர். 2009 இல் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் மாறிக் கடைசியில் மெனிக் பாம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தபோது பலரிடம் ஒரு சருவச்சட்டிகூட இருக்கவில்லை. ஆட்டுக்கல்லையும் உரலையும் தூக்கிக்கொண்டு ஓட எவராலும் முடியவில்லை. சைக்கிளில் கட்டி எடுத்துப்போன பானையும் அகப்பையும் கத்தியும்தான் அடுத்த சோற்றைத் தந்தன.

எரிபொருளிலும் நாம் இதே பாடத்தைப் படித்திருக்கிறோம். 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெய் தடைக்குட்பட்ட பொருளாயிற்று. அந்நாட்களில் ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி எமது பிள்ளைகள் படித்தார்கள். போர் முடிந்து மின்சாரமும் எரிவாயுவும் வந்தபின், இனி அந்த நிலை இல்லை என்று பலரும் எண்ணினோம். 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. 2021 ஒக்ரோபருக்கு முன்னர் 1,500 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ற்றில் ஒரேயடியாக 340 ரூபாவாகியது. விறகடுப்பை இடித்துவிட்டவர்கள் அப்போது மறுபடி மண் குழைத்தார்கள்.

இதிலிருந்து நாம் எடுக்கக்கூடிய விதி எளியது. ஒரு குடும்பத்தின் அடுப்படி ஒரே எரிபொருளை நம்பியிருக்கக் கூடாது. மின்சாரக் கருவி வாங்குங்கள், தவறில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத நாளிலும் சோறும் கறியும் ஆக்குவதற்கு ஒரு வழியை வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

முதலில் வேலையை அளப்போம்

பொருளைப் பார்க்குமுன் வேலையைப் பார்க்கவேண்டும். ஒரு கிழமைக்கு, அடுப்படியில் நிற்பவர் தனது வேலைகளைக் குறித்துக்கொள்ளட்டும். தண்ணீர் அள்ளுதல், விறகு கொத்துதல், தேங்காய் திருவுதல், சம்பல் அரைத்தல், மா இடித்தல், அரித்தல், சோறாக்கல், பாத்திரம் கழுவுதல் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் போன நேரத்தை எதிரே போடட்டும். எந்த வேலை முடிந்ததும் இடுப்பு நோகிறது, எந்த வேலையில் கண் எரிகிறது என்பதையும் குறிக்கட்டும். கிழமை முடிவில் முதலாவதாக நிற்கும் வேலைக்குத்தான் முதலில் காசு செலவழிக்கவேண்டும்.

இப்படிப் பார்க்கும்போது பல வீடுகளில் முதலிடத்தில் நிற்பது சமையலே அல்ல, தண்ணீர் அள்ளுவதாக இருக்கும். அந்த வீட்டுக்கு இலகு சப்பாத்தி இயந்திரம் எதற்கு? மூடியும் அடியிலே குழாயும் பூட்டிய ஒரு பெரிய வாளியும், கிணற்றடியிலிருந்து குடங்களைக் கொண்டுவர ஒரு தள்ளுவண்டியும் அவர்களுக்குப் பெரிய உதவி. குடிநீருக்குள் கைபடுவதும் அதனால் நிற்கும்.

வெங்காயம் வெட்டும் பிளாஸ்ரிக் கருவியைப் பாருங்கள். சந்தையில் விற்பவர் பெரிய வெங்காயத்தை வைத்து நான்கு முறை இழுத்துக் காட்டுவார். எங்கள் கறிக்குப் போவது பெரும்பாலும் சின்ன வெங்காயம். அதிலே நேரம் எடுப்பது உரிப்பது. கருவி உரித்துத் தராது. வெட்டி முடிந்தபின் அதன் தகடுகளுக்கிடையே சிக்கியதைக் கழுவி எடுக்கும் நேரத்தில், கூரான கத்தியால் இன்னொரு கறிக்கும் அரிந்துவிடலாம். ஆகவே கருவி வேலை செய்யும் நேரத்தோடு அதைக் கழுவிப் பூட்டிவைக்கும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். கொல்லர் அடித்த ஒரு நல்ல இரும்புக் கத்தியும் அதைத் தீட்ட ஒரு கல்லும் உள்ள வீட்டுக்கு, இழுத்து வெட்டும் பெட்டிகள் அநேகமாகத் தேவைப்படா.

பொருள் பொருளாக

திருவலையை எடுத்துக்கொள்வோம். தேங்காய் இல்லாத சமையல் எம்மிடம் குறைவு. மேசையிற் பூட்டிக் கைபிடியைச் சுற்றும் திருவலை நல்ல பொருள், ஆனால் அதற்கு ஆடாத மேசை ஒன்று வேண்டும். தற்காலிகக் கொட்டிலில் அது இல்லாவிட்டால் திருவலையோடு மேசையும் சேர்ந்து சுற்றும். அங்கே பலகையில் இருந்து திருவும் பழைய திருவலையே சிறந்தது. முழங்கால் நோவால் கீழே இருந்தெழும்ப முடியாத அம்மாமார் உள்ள வீட்டிலோ, நிலத்தில் ஊன்றிய மரக்குற்றியிலாவது பூட்டிக்கொண்டு சுற்றும் திருவலையை வாங்குவதே நியாயம். பொருள் ஒன்றே, வீட்டுக்கு வீடு விடை வேறு.

பிறஷர் குக்கர் பற்றியும் பலரும் கேட்கிறார்கள். திறந்த பானையில் தண்ணீர் ஏறக்குறைய 100 பாகை செல்சியசில் கொதிக்கும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. மூடி இறுக்கிய குக்கருக்குள் ஆவி அமுங்குவதால் சூடு 120 பாகை வரை போகிறது. ஆகவே கடலை, கௌபி, பயறு, இறைச்சி போன்றவை விரைவில் அவிகின்றன. தோட்டத்தில் பயறும் கௌபியும் விளைவித்து உண்ணும் குடும்பத்துக்கு அது விறகையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். நாளாந்தம் மைசூர்ப் பருப்பும் மரக்கறியும் சமைக்கும் வீட்டுக்கு அதனால் வரும் இலாபம் சிறிது. மைசூர்ப் பருப்பு எப்படியும் இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும். வாங்குவதாயின், மூடியின் ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் உங்கள் பட்டினத்துக் கடையில் தனியாகக் கிடைக்கின்றனவா என்று முதலிற் கேளுங்கள். வளையம் கிடைக்காத குக்கர், ஒரு வருடத்துக்குப் பின் விலை கூடிய சட்டி மட்டுமே. வால்வை அடைத்துக்கொண்டு பாவிப்பது ஆபத்து.

மின்சாரக் கருவிகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கூடிய வாற்று என்றால் கூடிய செலவு என்று நினைக்கிறோம். செலவைத் தீர்மானிப்பது வாற்றும் நேரமும் சேர்ந்தே. 1,000 வாற்றுக் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு மின்சாரம். 2,000 வாற்றுக் கேத்தில் ஒரு லீற்றர் தண்ணீரை மூன்று, நான்கு நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடும். செலவு ஏறக்குறைய பத்தில் ஓர் அலகு. 700 வாற்று ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 0.35 அலகு. 750 வாற்றுக் கிறைண்டரில் சம்பல் அரைக்க இரண்டு நிமிடம் போதும். நாற்பது நாள் சம்பலுக்குத்தான் ஓர் அலகு வரும். ஆகவே கிறைண்டர் மின்கட்டணத்தைக் கூட்டிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அதிலே பார்க்கவேண்டியது வேறு. சாடியின் அடியிலுள்ள ரப்பர்ச் சில்லும் வெட்டும் தகடும் தேய்ந்தால் மாற்றிப்போட ஆள் உண்டா என்பதே அங்கு கேள்வி.

ரைஸ் குக்கர் பானையில் தண்ணீர் வற்றியதும் சூடு 100 பாகைக்கு மேல் ஏற, ஆளி தானாக விழுந்து சூடு காக்கும் நிலைக்கு மாறுகிறது. அந்த நிலையிலும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சோறு ஆனதும் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகும் பெண்ணுக்கு, சோற்றுக்குக் காவல் நிற்காமல் வேறு வேலை பார்க்க வழிசெய்வதால் இதனை நாம் பயனுள்ள பொருள் என்றே சொல்வோம்.

ஆயினும் மின்சாரக் கருவி எதையும் வாங்குமுன் வீட்டு வயரைப் பாருங்கள். 2,000 வாற்றுக் கருவி 230 வோல்ற்றில் ஏறக்குறைய 9 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மின்குமிழுக்காகப் போட்ட மெல்லிய வயரிலும் 5 அம்பியர் பிளக்கிலும் அதைப் பூட்டினால் வயர் சூடேறி உருகும். ஓலைக் கூரைக்குக் கீழே அது பெருந்தீயாகும். கருவியின் விலையோடு, தகுதியான மின்வேலையாள் ஒருவரைக் கொண்டு தனி வயர் இழுக்கும் செலவையும் கூட்டியே விலையைக் கணிக்கவேண்டும்.

காசு குறைந்த கருவிகள்

கடையில் விற்பது மட்டுமே கருவி என்று நினைப்பதால் நல்ல பல கருவிகள் எமது கண்ணிற் படுவதில்லை.

மூன்று கல் அடுப்பில் தீயின் பெரும்பகுதி பானைக்கு வெளியே போய்விடுகிறது. அனகி எனப்படும் இரட்டை வாய் மண்ணடுப்பு இதற்காகவே 1980களில் எமது நாட்டில் வடிவமைக்கப்பட்டு, 1990களில் பரவியது. ஒரே வாயிலில் வைக்கும் விறகு முதற் பானையைச் சூடாக்க, மிஞ்சிய சுவாலை இரண்டாவது பானைக்குப் போகிறது. விறகு மட்டுமன்றிச் சிரட்டையும் மட்டையும் எரிக்கலாம். சுற்றிவரக் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினால் உடையாமல் நெடுநாள் உழைக்கும். அதனை நிலத்தில் வைக்காமல், இடுப்பளவு உயரத்தில் மண் திண்ணை ஒன்று கட்டி அதன்மேல் வையுங்கள். குனிந்து குனிந்து ஊதும் வேதனை குறையும், தவழும் பிள்ளையும் தீயிலிருந்து தப்பும். மேலே புகை போக ஒரு வழி விடுங்கள். அந்தப் புகையைத்தான் எமது பெண்களின் கண்ணும் நெஞ்சும் ஆண்டுக்கணக்கில் தாங்குகின்றன.

வயல் உள்ள எமக்கு வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஒரு மரப்பெட்டி அல்லது பெரிய கடகம் எடுத்து, அடியிலும் சுற்றிலும் நான்கு விரற்கிடைக்கு மேல் தடிப்பாக வைக்கோலை இறுக்கி அடைத்து, நடுவே பானை அளவுக்கு இடம் விடுங்கள். அரிசியை மூடியோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, பத்து நிமிடம் அவிந்தபின் பானையை அந்தக் குழிக்குள் இறக்கி, மேலே வைக்கோல் நிரப்பிய சாக்கால் மூடிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் அடுப்பில்லாமலே சோறு பதமாகிவிடும். தண்ணீர் ஆவியாகப் போகாதபடியால் வழமையைவிடச் சற்றுக் குறைத்து விடவேண்டும். இடையில் திறந்து பார்த்தால் சூடு போய்விடும். பானையை இரவு முழுவதும் உள்ளே விடவேண்டாம். சூடு தணிந்த உணவு பழுதாகும். தோட்ட வேலைக்குப் போகும் நாளில் இந்தப் பெட்டி ஒரு ஆளுக்குச் சமம்.

மர ஆலை பக்கத்தில் இருந்தால் மரத்தூள் அடுப்பையும் செய்துகொள்ளலாம். அடிப்பக்கத்தில் ஒரு துளையிட்ட பெரிய ரின் போதும். நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, துளைவழியே ஒரு தடியைச் செருகி, சுற்றிலும் தூளை இறுக்கிவிட்டுப் போத்தலையும் தடியையும் மெல்ல உருவினால் தீ போக வழி கிடைக்கும். பல மணி நேரம் தானாக எரியும். தவிடு, மாட்டுக்குக் காய்ச்சும் கஞ்சி, நெல் அவித்தல் போன்றவற்றுக்கு இது தோதானது. புகையுள்ளதால் வெளியே வைத்தே பாவிக்கவேண்டும்.

சுளகையும் நீத்துப்பெட்டியையும் அரிதட்டையும் நாம் மறந்துவிடக் கூடாது. பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டி பாரமற்றது, துருப்பிடிக்காது, உடைந்தால் அயலிலேயே இன்னொன்று இழைத்துத் தர ஆள் உண்டு. அந்தக் காசும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

தவணையும் கடனும்

வாசலுக்கு வந்து பொருளை இறக்கிவிட்டு “கிழமைக்குக் கொஞ்சம் தந்தாற் போதும்” என்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எல்லாமாக எவ்வளவு? எடுத்துக்காட்டாக, கைக்காசுக்கு 12,000 ரூபா விலையான பொருளை மாதம் 1,500 ரூபா வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு எடுத்தால் நீங்கள் கட்டுவது 18,000 ரூபா. அரைவாசி விலை மேலதிகம். அதே 1,500 ரூபாவை மாதர் சங்கச் சேமிப்பிலோ கடன் உதவிச் சங்கத்திலோ எட்டு மாதம் போட்டால் அந்தப் பொருளைக் கைக்காசுக்கு வாங்கிவிடலாம். எட்டு மாதம் பொறுக்க முடியாத அவசரப் பொருள் அடுப்படியில் வெகு சில.

சிறு கடன்கள் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பது யாவரும் அறிந்ததே. வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்றை 2018 இல் அரசே அறிவிக்கவேண்டி வந்தது. விளைச்சலைத் தராத பொருளுக்காக, விளைச்சலை நம்பிக் கடன்படக் கூடாது. மழை பிழைத்தால் பொருளும் போகும், மானமும் போகும்.

கூட்டாக வாங்கக்கூடியவை

எல்லா வீட்டிலும் எல்லாம் இருக்கவேண்டியதில்லை. மா அரைக்கும் இயந்திரம், தோசைக்கும் இட்டலிக்கும் அரைக்கும் பெரிய கிறைண்டர், கிடாரம், பெரிய தாச்சி போன்றவற்றை ஒரு வீடு நாள்தோறும் பாவிப்பதில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று இவற்றை வாங்கி, சிறிய வாடகைக்குக் கொடுத்து, அந்த வாடகையில் திருத்தவேலைகளைச் செய்யலாம். பொருள் யாருடைய வீட்டில் நிற்கும், எடுத்தவர் எப்படிக் கழுவித் திருப்பித் தரவேண்டும், பழுதானால் யார் பொறுப்பு என்பவற்றை முதல் நாளே கொப்பியில் எழுதிவிடவேண்டும். கூட்டுப் பொருட்கள் பாழாய்ப்போவது பெரும்பாலும் இந்த எழுத்து இல்லாததால்தான்.

யார் தீர்மானிப்பது?

“அம்மியில் அரைத்த சம்பலின் ருசி கிறைண்டரில் வராது” என்பார்கள். ருசியைப் பற்றி நாமும் வாதிடவில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் அம்மிக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள்? பகல் முழுவதும் மிளகாய்க் கன்றுக்குக் களை பிடுங்கிவிட்டு வந்த பெண்ணுக்கு, இரவுச் சமையலில் அரை மணி நேரம் மிஞ்சுவது சோம்பலாகாது. பிள்ளையின் பாடக் கொப்பியைப் பார்க்கவோ காலை நீட்டி இருக்கவோ அவருக்குக் கிடைக்கும் நேரம் அது. மறுபக்கத்தில், அயல்வீட்டில் இருக்கிறதே என்று வாங்கிய பொருளும் அந்தப் பெண்ணின் தலையில்தான் ஏறுகிறது. தவணைக்காரர் வரும்போது வாசலில் நின்று பதில் சொல்பவர் அவரே.

நிவாரணப் பொதி தருபவர்களுக்கும் இதையே சொல்கிறோம். ஒரே அளவிலான பாத்திரப் பொதியை எல்லாருக்கும் கட்டுமுன் பெறப்போகும் பெண்களைக் கூட்டி ஒரு மணி நேரம் கேளுங்கள். ஆறு பேருள்ள குடும்பத்துக்கு மூன்று பேருக்கான பானை போதாது. மெல்லிய அலுமினியச் சட்டி விறகடுப்பில் சில மாதங்களில் ஓட்டையாகிவிடும். ஆறு கோப்பைக்குப் பதிலாக ஒரு திருவலையும் ஒரு நல்ல கத்தியும் தந்திருக்கலாமே என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்தச் சொல்லுக்குப் பெறுமதி உண்டு.

எமது மக்களிற் சிலர் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருக்கிறார்கள். திரும்பியவர்களிலும் பலர் ஒன்றுமில்லாமையிலிருந்து அடுப்படியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் வீணாகும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாவும் விதைக்கும் உரத்துக்கும் போயிருக்கவேண்டிய காசு. ஆகவே அடுத்த பொருளை வாங்குமுன், ஒரு கிழமை வேலைக் குறிப்பை எழுதி முடித்து, வீட்டிலுள்ளவர்கள் அதனைச் சுற்றி இருந்து பேசுங்கள். எந்த வேலையை இது குறைக்கும்? மின்சாரம் போனால் என்ன செய்வோம்? பழுதானால் யார் திருத்துவார்? எல்லாமாக எவ்வளவு கட்டுகிறோம்? நாளை மறுபடி மூட்டை கட்ட நேர்ந்தால் இதைத் தூக்க முடியுமா? இந்த ஐந்துக்கும் விடை கண்டபின், கடைசிச் சொல்லை அடுப்படியில் நிற்பவர் சொல்லட்டும். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பொருள் எவ்வளவு மலிவானாலும் வாங்கவேண்டாம்.